எனக்கு மனைவி இல்லை என்று வந்த கடிதம்

எனக்கு மனைவி இல்லை என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடிதம் சிங்களத்தில் இருந்தபடியால் அந்தத் துக்கச் செய்தி என் தலைக்குள் போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலம் பிடித்தது.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய் ஐந்தாறு வருஷங்கள் ஆகியிருந்த காலம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இலிகிதராக இருந்தேன். வாசலில் பாஸ் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சிங்களக் கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிப்பிப்பது? சிங்களம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். நாலு பேரைச் சந்தேகத்தின் பேரில் கழித்தேன். மிஞ்சியவன் காவலாளி குணபால. அவனிலும் சந்தேகம்தான். ஆனால் அவன் அடுத்த மாதம் மாற்றலாகிப் போகிறவன்.

தலைப்பைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினேன்.

"விரலை எடுங்கோ மாத்தயா. அதிலதானே விசயம் எல்லாம் இருக்கு."

எடுத்தேன். வாசித்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் வாசித்தான்.

"மாத்தயாட நோனா இல்லையாம்."

"இல்லையெண்டா? ஏதும் நடந்திட்டுதோ?"

"அப்பிடி இல்லை மாத்தயா. முதல்லயிருந்தே இல்லையாம்."

விளக்கம் இதுதான். இந்தியப் பிரஜையான என் மனைவிக்கு ஒரு மாதச் சுற்றுலா விசா கேட்டிருந்தேன். கொழும்புக் குடிவரவுக் கந்தோர் என் அயலில் விசாரித்திருக்கிறது. விண்ணப்பகாரர் கலியாணமாகாதவர் என்று தெரியவந்திருக்கிறது. ஆகவே கலியாணப் பத்திரம் ஐயத்துக்குரியது. இருபத்தொரு நாளுக்குள் நேரில் வந்து, கலியாணம் உண்மையென்பதற்குச் சாட்சியமும், எங்களைக் கணவன் மனைவியென அறிந்த ஒருவருடைய அத்தாட்சியும் காட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

எங்களைக் கணவன் மனைவியென அறிந்த ஒருவரும் இந்தத் தீவில் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். சபையார் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் முன் வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் செய்யத் தென்னிந்தியாவிலுள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண் ஆறியது. ஆற்றியவர்களில் ஒருத்தி ஜெபமணி, திருநெல்வேலிப் பக்கத்துத் தாதி, முப்பத்தாறு வயது. அடுத்த ஜனவரியில் அங்கேயே கலியாணம். வழக்கப்படி எங்கள் சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்திருக்க வேண்டும், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. நான் அதற்கு இடம் வைக்கவில்லை. பணம் கட்டி விசேஷ அனுமதி எடுத்து ஓலையே இல்லாமல் காரியத்தை முடித்தேன். யாராவது எழும்பி நின்றால்? யாராவது மொட்டைக் கடிதம் போட்டால்? தாங்கிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கு வெளிநாட்டு மனைவி என்றால் என் பாஸ் என்ன ஆகும்? கள்ளத்தோணி என்று அவளை யாராவது சொல்லிவிட்டால்? கண்ணூறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதற்கு ஏன் ஒரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன். துப்பறியும் கதைகள் நிறைய வாசித்ததன் பலன்.

பதினொரு நாள் ஒன்றாக இருந்தோம். பிறகு நான் திருகோணமலையில் என் வீடிருந்த பாலையூற்றுக்கு, அவள் ஆஸ்பத்திரி விடுதிக்கு. ஓகஸ்ட் மாதம் ஒருமுறை லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன். மற்றபடி கடிதம்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து எழுதுவாள், திங்கள் தபாலில் போடுவாள்.

அவளுடைய கடிதம் வீட்டு விலாசத்துக்கு, கந்தோர்க் கடிதம் வேலைத்தலத்துக்கு. ஒரே ஆள் இரண்டையும் பார்க்கக்கூடாது என்று ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் வீடு ஐந்து மணிவரை பூட்டியிருக்கும். தபால்காரர் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். பக்கத்து வீடு சின்னராசா அண்ணருடையது. துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். புதன்கிழமை ஜெபக்கூட்டம் அவர் வீட்டில்தான் நடக்கும். அவருடைய ஜெபம் நீளமானது.

அவர் தரும் உறைகளில் முத்திரை இருக்காது. முத்திரை இருந்த மூலையே இருக்காது. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கும். என் மனைவியின் கடிதங்களை இந்த மனுஷன் வாசிக்கிறார் என்று முடிவு செய்தேன். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டிய இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒட்டைப் பிரித்த அடையாளம் எதுவும் இல்லை. அதிலிருந்தே அவர் எவ்வளவு தேர்ந்த கை என்று விளங்கியது.

அன்றிலிருந்து கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுக் குசினி அடுப்பில் போட்டுவிட்டுப் புகையில் இருமிக்கொண்டு வெளியே வருவேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது. எல்லாவற்றையும் எரித்தேன்.

அண்ணரின் மனைவி செல்வமக்கா கிழமைக்கு மூன்று நாள் காலையில் முட்டைக்கோப்பி அடித்துக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் தருவா. "குடியுங்கோ தம்பி, உடம்புக்கு நல்லது." என் வாயைக் கிளறத் தரும் லஞ்சம் என்று எண்ணினேன். குடித்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் வரும், எனக்கு மட்டும் நீல எனாமல் கோப்பையில். எப்போதும் அதே கோப்பை. என்னை அவமதிக்கிறார்கள் என்று எண்ணினேன். அதையும் குடித்தேன்.

ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பனையோலைப் பெட்டியில் போடுவது எங்கள் கூட்டத்து வழக்கம். அண்ணர் எடுத்து வாசித்து ஜெபிப்பார். நானும் கிழமை தவறாமல் போட்டேன். பெயர் இல்லாமல், எழுத்து அடையாளம் தெரியக்கூடாதென்று இடக்கையால்: "கடல் கடந்துள்ள மேற்படி விடயம் அனுகூலமாகும்படி." ஜெபத்தில் ‘மேற்படி விடயம்’ என்று எழுதக்கூடிய ஆள் அந்தச் சபையில் ஒருவன்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனுடைய நெஞ்சுக்குள்ளே இருக்கிறதை வேரோடு எடுத்துப்போடும்" என்று அண்ணர் ஜெபிப்பார். நெஞ்சுக்குள்ளே இருந்தவள் ஜெபமணி. கடிதம் வாசிக்கிறார் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த நிலையில் பெப்ரவரியில் ஜெபமணியின் கடிதம் ஒன்று வந்தது. அவளுக்கு மே மாதம் ஆறு கிழமை லீவு கிடைத்திருந்தது. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அவளுடைய அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார், என்னைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்தார். சபையிலிருந்து ஒரு வாழ்த்துக் கடிதம் இல்லை, அயலவர் ஒருவருடைய பெயர் தெரியாது, வீட்டுப் படம் கூட அனுப்பவில்லை. அந்த ஆளுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்பது அவருடைய கருத்து. "மே மாசம் நான் உங்க வீட்டுக்குள்ள வரணும்" என்று எழுதியிருந்தாள். "வர முடியலன்னா அண்ணன் சொல்றத நான் நம்ப வேண்டி வரும். அதுக்கப்புறம் எழுத மாட்டேன்." அதையும் எரித்தேன். ஆனால் அந்த வரிகள் எரியவில்லை.

உடனே விசாவுக்கு விண்ணப்பித்தேன். அதற்குப் பதிலாகத்தான் குணபாலவின் கையில் அந்தச் சிங்களக் கடிதம். கலியாணமாகாதவர் என்று அயலில் சொன்னது யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. என் வாழ்க்கையில் சந்தேகமில்லாமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. சின்னராசா.

மறுநாள் மத்தியானம் குடாக் கரைக்குப் போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பசி இல்லை. கோபம்தான் இருந்தது. அது போன பிறகு பயம் வந்தது. திரும்பிப் பார்க்கிறேன்: ஒரு வருஷமாக ஜெபம் செய்திருக்கிறேன், ஆண்டவரிடம்கூட விஷயத்தை மறைத்து. மேற்படி விடயம் என்று. அவருக்கும் இடக்கையால்தான் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, நான் ஒருவரையும் நம்பவில்லை. உம்மையும் முழுக்க நம்பினேனோ தெரியாது. ஜெபமணியை ஒருமுறை என் வீட்டுக்குள் கொண்டுவாரும்." அவ்வளவுதான். கண்ணீர் வந்தது. ஒரு எண்ணெய்க் கப்பல் ஊதியது. அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தினமும் அந்த நேரத்துக்கு ஊதும். ஆனால் எழும்பும்போது ஒன்று மட்டும் தெளிவாயிருந்தது. சாயங்காலம் கூட்டத்துக்குப் போய் அந்த மனுஷனின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பரிசுத்தமான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பாதி சண்டைக்குத்தான் போனேன்.

புதன் ஐந்து மணி. பதினாலு பேர். போதகரும் வந்திருந்தார். அண்ணர் பெட்டிக்குள் கையை விடுமுன் எழும்பினேன்.

"எனக்கு ஒரு பெண்சாதி இருக்கிறா."

ஒரு கதிரை கிறீச்சிட்டது. செல்வமக்கா தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டா.

"என்ன தம்பி சொல்லுறீங்கள்?" என்றார் அண்ணர்.

"முறையாக் கலியாணம் கட்டின பெண்சாதி. இந்தியாவில, ஆஸ்பத்திரித் தாதி. பதினாலு மாசமாகுது."

"அப்ப கசம்?" இது செல்வமக்கா.

"என்ன கசம்?"

"உங்களுக்கு இருக்கிற கசம், சயரோகம்."

"எனக்குக் கசம் இல்லை அக்கா!"

"இல்லையோ? ஆஸ்பத்திரி பேர் போட்ட உறையில கிழமைக்குக் கிழமை கடிதம் வந்தது? நீங்கள் இருமிக்கொண்டு திரிஞ்சது? அப்ப ஒரு வருசமா நான் அடிச்சுத் தந்த முட்டைக்கோப்பி எல்லாம் சுகதேகிக்கோ?"

யாரோ சிரித்தார்கள். போதகர் என்றே இன்றுவரை சந்தேகிக்கிறேன். நீலக் கோப்பையின் மர்மம் எனக்கு அந்த இடத்தில் வெளித்தது. நெஞ்சுக்குள்ளே இருப்பதை எடுத்துப்போடும் என்ற ஜெபத்தின் மர்மமும்தான். பதினாலு பேர், ஒரு வருஷம், என்னுடைய சுவாசப்பைக்காக முழங்கால் தேய ஜெபித்திருக்கிறார்கள்.

அண்ணர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயோ தம்பி. போன மாசம் பொலிஸ்காரர் ஒருவர் வெள்ளை உடுப்போட வந்து கேட்டவர், இந்த ஆளுக்கு இந்தியாவில பெண்சாதி இருக்கோ எண்டு. வேதப்புத்தகத்தில கை வைச்சுச் சொன்னனான், அந்தப் பிள்ளை வருத்தக்காரன், பெண்களைத் திரும்பியும் பாரான், அவனில அப்பிடியொரு பழி போடாதேங்கோ எண்டு. உங்களைக் காப்பாத்திப்போட்டன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

நான் ஆயத்தம் செய்து கொண்டுபோன வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. ஆனால் சந்தேகம் இலேசில் சாகிற பிராணி அல்ல.

"முத்திரையை ஏன் வெட்டினனீங்கள்?"

"உங்களைக் கேட்டுத்தானே வெட்டினனான்! போன வருசம் கேற்றடியில வைச்சு, தம்பி, முத்திரையை மிஷனுக்கு எடுக்கட்டோ எண்டு கேட்டன். நீங்கள் ‘ம்’ எண்டனீங்கள்."

ஞாபகம் வந்தது. அது ஏதோ பொறி என்று நினைத்து, ‘ம்’ என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தேன்.

பாவித்த முத்திரைகளைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் மிஷன் ஊழியத்துக்கு உதவி கிடைக்கும் என்று எங்கள் சபையில் அந்நாளில் ஒரு சேகரிப்பு இருந்தது. நான் அதில் அக்கறை காட்டியவனல்ல. அண்ணர் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். என் பக்கங்கள் மூன்று. மேலே "சாமுவேல் தம்பி, பாலையூற்று." கீழே ஐம்பத்துநாலு முத்திரைகள், வெட்டிய மூலையோடு, தபால் அடையாளம் முழுசாகத் தெரியும்படி, வரிசை தப்பாமல் ஒட்டப்பட்டிருந்தன. ஒரே ஊர். ஒவ்வொன்றும் ஒரு திங்கட்கிழமை. லோஞ்ச் ஓட்டி நாட்குறிப்பு எழுதிப் பழகிய மனுஷன். ஒவ்வொன்றுக்கும் கீழே தன் கைக்கு வந்த நாளையும் எழுதியிருந்தார்.

"போன நத்தார்ப் பண்டிகைக்கே அனுப்பியிருக்க வேணும்," என்றார். "கர்த்தர் விடேல்லை. எனக்குப் பஞ்சி, சோம்பல் குணம்."

நான் அடுப்பில் போட்டவை போக, அவளுடைய ஒரு வருஷம் அந்தக் கொப்பியில் இருந்தது. அண்ணருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று பெட்டியில் இருந்த துண்டுகளை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் ஜெபித்தார்கள், இந்த முறை சரியான காரியத்துக்காக. போதகர் அத்தாட்சி எழுதினார். அண்ணர், தான் பொலிசுக்குச் சொன்னது அறியாமல் சொன்னது என்று தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையொப்பம் வைத்தார்.

இருபத்தொரு நாள் முடிய இரண்டு நாள் இருக்கக் கொழும்புக் கந்தோரில் ஓர் உத்தியோகத்தருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் முத்திரை சேர்ப்பவராக இருந்து கொப்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. அவருக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துக்கொண்டே என் விண்ணப்பத்தை வாசித்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"பார்க்க விரும்பும் இடங்கள்: கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணமலை, பாலையூற்று. பாலையூற்றில் பார்க்க என்ன இருக்கிறது?"

"நான் இருக்கிறேன், ஐயா."

சிரிக்கவில்லை. "மனைவியின் கடிதங்கள் எங்கே?"

"எரித்துவிட்டேன்."

அதை எழுதிக்கொண்டார். கொப்பியை நீட்டினேன். ஒன்றொன்றாக விரல் வைத்துப் போனார். மூன்றாம் பக்கம் வரை போய்விட்டு இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஓகஸ்டில் மூன்று திங்கட்கிழமைகள் இல்லை. ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தலைக்குள் பழைய ஆள் எழும்பினான். சின்னராசா மூன்றைக் களவாக வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் ஜெபமணி அப்போதே என்னை வெறுத்து எழுதாமல் விட்டிருக்கிறாள். உள்ளுக்குள், "ஆண்டவரே, இந்த ஓட்டை என்னுடையது அல்ல" என்றேன்.

உத்தியோகத்தர் என் கடவுச்சீட்டைத் தானே எடுத்துப் புரட்டினார். தலைமன்னாரில் குத்திய இரண்டு முத்திரைகளைப் பென்சிலால் தொட்டார். ஓகஸ்டில் போன நாள், வந்த நாள். கொப்பியைப் பார்த்தார். மூன்று திங்களும் அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் விழுந்தன.

"பக்கத்தில் இருக்கிற புருஷனுக்கு ஒருத்தியும் கடிதம் எழுதமாட்டாள்," என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். "பொய்யாகச் செய்கிறவன் இடைவெளி விட்டிருக்கமாட்டான்."

ஏப்ரல் முடிவதற்குள் விசா வந்தது. ஒரு மாதம். சகோதரரே, நான் காட்டக் கொண்டுபோன ஐம்பத்துநாலு முத்திரைகளைவிட நான் அறியாத வெறும் இடம்தான் எனக்காகப் பேசியது. அதை அங்கே விட்டுவைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் ஜெபமணி வந்தாள். தலைமன்னாரில் சுங்கக்காரர் அவளுடைய பெட்டியை அடிவரை கிண்டினார்கள். பாலையூற்றில் பஸ் நின்ற இடத்தில் ஜெபக்கூட்டம் முழுவதும் நின்றது. செல்வமக்காவின் கையில் முட்டைக்கோப்பி. ஜெபமணி குடித்தாள், ஆனால் அதிகம் பேசவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அலுமாரியைத் திறந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குசினிக்குள் போய் வெகுநேரம் நின்றாள். நான் விறாந்தையில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழில் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்.

வெளியே வரும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணன் பாத்துட்டு வரச் சொன்னாங்க, உங்களுக்கு இங்க வேற குடும்பம் இருக்கான்னு."

"பார்த்தீரோ?"

"ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு கரண்டி. ஏங்க, பதினாறு மாசமா நான் வருவேன்னு சொல்லிக்கிட்டு, எனக்குன்னு ஒரு தட்டுகூட வாங்கி வைக்கலையா?"

வாங்கவில்லை. கடைக்காரன் ஏன் இரண்டாவது தட்டு என்று கேட்பானோ என்று பயந்திருந்தேன். கடிதங்களை எரித்ததையும் அன்றைக்கே சொன்னேன். ஒரு நாள் முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் சின்னராசா அண்ணர் அந்த மூன்று பக்கங்களையும் கொப்பியிலிருந்து பிரித்து அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். மிஷன் பொறுத்துக்கொள்ளும் என்றார்.

அந்தப் புதன்கிழமை பழக்கத்தில் செல்வமக்கா எனக்கு நீல எனாமல் கோப்பையைத் தந்துவிட்டு நாக்கைக் கடித்தா. ஜெபமணி அதை என் கையிலிருந்து வாங்கினாள். தாதியல்லவா, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை எனக்குத் தந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கசமில்லை. அவள் இரண்டு வருஷம் கழித்து நிரந்தரமாக வந்தாள். இன்று எங்களிடம் ஆறு தட்டுகள் இருக்கின்றன.

நான் முற்றாகத் திருந்திவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் சந்தேகிக்க வேண்டும். இன்றும் உறையை வெளிச்சத்தில் பிடித்துத்தான் திறக்கிறேன். ஆனால் ஒன்றை அறிந்திருக்கிறேன். ஒரு வருஷமாக நான் கேட்டதும் பிழை, அவர்கள் ஜெபித்ததும் வேறு. விலாசம் பிழைத்த அந்த ஜெபங்களையெல்லாம் ஒருவர் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார், வெட்டிய மூலைகளைப் போல. நான் உண்மையைச் சொல்லும் வரை காத்திருந்தார்.

ஆகையால் உங்களிலும் யாராவது ஒரு பாரத்தை ஒருவருக்கும் சொல்லாமல் சுமந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தால், அடுத்த புதன்கிழமை வாருங்கள். அண்ணர் வீட்டில் பனையோலைப் பெட்டி இருக்கிறது. விஷயத்தை விஷயமாகவே எழுதிப் போடுங்கள், ஆண்டவரை நம்புங்கள்.

என் துண்டில் இப்போது பெயர் இருக்கிறது. வலக்கையால்தான் எழுதுகிறேன்.